கூப்பிட ஒரு பெயர்

போன வாரம் சென்னையிலிருந்து நிவேதா போன் செய்தாள். டிவி தொடர் எடுக்கும் கம்பெனி ஒன்றின் கதை இலாகாவில், நான் காலி செய்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிடம் கேட்கிறார்களாம். வயது, ஊர், குணம் என்று தட்டினால் மூச்சு விடுவதற்குள் பெயர்கள் வந்து கொட்டுகின்றனவாம். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எதுவும் ஆளோடு ஒட்ட மாட்டேன் என்கிறது சார், நீங்கள் எப்படி வைத்தீர்கள் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தால் கம்பெனி விஷயத்தை முந்திக்கொண்டு, ஆரணிக்குத் திரும்பிய பிறகு நடந்த ஒன்றுதான் வந்து நிற்கிறது. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். ஓய்வு பெற்றவனை அப்படிச் சொல்வதற்குத் தனியாகக் காரணம் வேண்டுமா என்ன. சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்து, தறியில் உட்கார உடம்பு வணங்காமல் சென்னைக்கு ஓடியவன் நான். கதை இலாகாவில் காட்சிகளைப் பிரதி எடுக்கும் ஆளாகச் சேர்ந்தேன். சில வருடங்கள் டீ வாங்கினேன், சில வருடங்கள் திட்டு வாங்கினேன். பிறகு ஒருநாள், "ஆரணிக்காரரே, உமக்கு ஜனங்களைத் தெரியுது. பேர் வைக்கிற வேலையை நீரே பாரும்" என்று பத்மநாபன் சார் சொல்லிவிட்டார். ரிடையர் ஆகும்வரை அதுதான் என் வேலை.

பத்மநாபன் சார் இலாகாவுக்குத் தலைவர். அரைக்கைச் சட்டை, அதன் பையில் எப்போதும் பொட்டுக்கடலை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பெயரைக் கொண்டுபோய்ச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடலையை வாயில் போடுவார். மென்று விழுங்கினால் பெயர் தேறிவிட்டது. மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் கேள்வி ஆரம்பம். இந்தப் பெயரை வைத்தது யார், அப்பனா, தாய்மாமனா, ஜோசியனா? வீட்டில் எத்தனாவது குழந்தை? இவளை ஒருநாளில் அதிகம் கூப்பிடுகிறவர் யார், எங்கிருந்து கூப்பிடுகிறார்? கோபம் வந்தால் பெயர் என்னவாகச் சுருங்கும்? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் போய் நின்றால், "ஆளைத் தெரியாம பேர் வச்சா அது லேபிள்தான் ஓய்" என்பார். அதுதான் அவருடைய திட்டு. அதற்கே இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

சில்லறை விதிகளும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே எழுத்தில் பெயர் தொடங்கக்கூடாது. பாதிப் பேர் தொடரைப் பார்ப்பதில்லை, சமையல்கட்டில் மாவாட்டிக்கொண்டே கேட்கிறார்கள், குழம்பிப்போவார்கள். தேசூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நாற்பது வருடத்துக்கு முன்னால் பெற்ற மகளுக்கு அனன்யா என்று பெயர் வைக்கக்கூடாது. கதாநாயகி அழகாக இருக்கிறாள் என்பதற்காக அவளுடைய அப்பாவுக்கு ஞானம் வந்துவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தார். கதையில் செத்தவர்கள் இருந்தால் முதலில் அவர்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஒரு தொடரில், கதை தொடங்கும் முன்பே கணவன் செத்துப்போயிருக்கிறான். சுவரில் மாலை போட்ட படம் மட்டும்தான். பெயர் சொல்லும் காட்சியே கிடையாது என்பதால் நான் வைக்கவில்லை. விதவையாக நடித்த பெண்மணி அந்தப் படத்தின் முன்னால் நின்று அழ வேண்டும். அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டும் வரவில்லை. யாருக்காக அழுகிறேன் என்று தெரியவில்லையே என்று எங்களிடமே கேட்டார். பத்மநாபன் சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மாவின் காதருகே போய், "தியாகராஜன்" என்றார். அந்த அம்மா அழுதார் பாருங்கள், கேமராவை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, அவருக்குத் திதி என்றைக்கு சார் என்று கேட்டார். ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்று சார் தயங்காமல் சொன்னார். உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று பிறகு கேட்டேன். பேர் வச்சாச்சே, அப்புறம் நாளும் இருக்கத்தானே செய்யும் என்று கடலையை மென்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, ஆரணிக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. சீரியலுக்குப் பேர் வைக்கிறவர். பேரக்குழந்தைக்குப் பெயர் கேட்டு வந்தார்கள், புதுக் கடைக்குக் கேட்டு வந்தார்கள், கண்ணமங்கலத்திலிருந்து ஒருவர் லாரிக்குக் கேட்டு வந்தார். காசு வாங்காத வேலைக்கு ஊரில் கிராக்கிக்குக் குறைவில்லை. போன தை மாதம் பக்கத்துத் தெரு ஏகாம்பரம் வந்தபோதும் இப்படி ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். பட்டுத்தறிக்காரர், அதிகம் பேசாத மனிதர். துண்டை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், செத்துப்போன என் மகளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருக்கும் மனைவி மல்லிகாவுக்கும் தலைப்பிள்ளை பெண். பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டது. மயக்கத்தில் கிடந்த தாய்க்குக்கூடக் காட்டாமல் ஏகாம்பரமும் அவர் அண்ணனும் எடுத்துப்போய் ஆற்றோரம் புதைத்துவிட்டார்கள். பிறகு பிறந்தவன் தினகரன். அவனுக்கு இரண்டு முறை கல்யாணம் நிச்சயமாகி இரண்டு முறையும் நின்றுபோனது. இப்போது மூன்றாவதாகச் சேத்துப்பட்டில் பெண் அமைந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்த பெண்தான் பூவாடைக்காரி. பம்பை அடித்து நீர்நிலையிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்துவந்து, புதுப் புடவையும் பூவும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் பந்தல்கால். முன்பு இரண்டு முறையும் அந்தக் குழந்தைக்குப் படைக்காமல் விட்டதால்தான் கல்யாணம் நின்றது என்று அவர்கள் வீட்டில் பேச்சு. ஏகாம்பரத்தின் வீட்டு வழக்கப்படி, வெற்றிலையில் பூவும் எரியும் கற்பூரமும் வைத்து ஏரியில் விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வெற்றிலை கரைக்குத் திரும்பினால் அவள் வந்துவிட்டாள் என்று பொருள்.

முந்தின வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பிள்ளை பெண்ணாக இருந்தால் அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பதுதான் முறை. அதன்படி ஏகாம்பரம் தன் தாயாரின் பெயரைச் சொல்லி, தனபாக்கியம், தனபாக்கியம் என்று தொண்டை வறளக் கூப்பிட்டிருக்கிறார். வெற்றிலை நடு ஏரிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. காற்று அடித்தும் அசையவில்லை. பம்பைக்காரர் பம்பையைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பெயருக்கு அவள் வரமாட்டேன் என்கிறாள், வேறு பெயர் பார்த்து வாருங்கள், அடுத்த வெள்ளியை விட்டால் கல்யாணத்துக்கு முன்னால் நாள் இல்லை என்று சொல்லிவிட்டார். ஜோசியரிடம் போனால் பிறந்த நேரம் கேட்கிறார். அதை யாரும் குறித்து வைக்கவில்லை.

"எங்க வூட்டுல தான் உங்களாண்ட அனுப்பிச்சி" என்றார் ஏகாம்பரம். "இல்லாதவங்களுக்குப் பேர் வெக்கறது அவருதான, போய்க் கேளுங்கன்னிச்சி."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

மல்லிகா எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சமையல்கட்டு அவளுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்து அறையில் ஏகாம்பரம் தறி நெய்துகொண்டிருந்தார், அந்தச் சத்தம் சீராகக் கேட்டது. கைவசம் இருந்த பெயர்களில் இளசாக, இனிமையாக இருப்பவற்றை முதலில் சொன்னேன். மகிழினி. யாழினி. பச்சைக்குழந்தைதானே என்று அப்படிப்பட்ட பெயர்களாகவே எடுத்துப் போயிருந்தேன். அவள் ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அது அவள் இல்லைங்க என்றாள். பிறகு, ஒன்று கேட்கட்டுமா என்று பணிவாகக் கேட்டாள்.

"அவங்கப்பா படையலுக்குச் சித்தாடை நெஞ்சிகினு கீறாரு. சின்னப் பொண்ணுங்க கட்டறது. அது எப்படிங்க அவளுக்குப் பத்தும்? முப்பத்திநாலு வயசு ஆவுது அவளுக்கு."

டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன். ஆனால் பழகிய புத்தி சும்மா இருக்குமா. ஆளைத் தெரியாமல் பெயர் தேடி வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அதன் பிறகு பத்மநாபன் சார் என்னைக் கேட்டதையெல்லாம் நான் அவளைக் கேட்டேன். பெண் எப்படி இருப்பாள், என்ன பிடிக்கும், கோபக்காரியா?

மல்லிகா யோசித்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் தலையைச் சற்றே சமையல்கட்டுப் பக்கம் சாய்த்து, ஒரு கணம் இருந்துவிட்டு, பிறகு பதில் சொன்னாள். கத்திரிக்காய் ஆகாது, நாக்கு அரிக்கும். அப்பன் நிறம். கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள்.

"தம்பிக்கு மொதல்ல ஆவட்டும்னு சொல்லிகினு கீறா" என்றாள் மல்லிகா.

கதை இலாகாவில் இப்படி எத்தனையோ பெண்களை நாங்கள் உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறோம். அப்போதெல்லாம் பதில் சொன்னது நாங்கள். இங்கே யார் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பட்டப்பகலில், காபி டம்ளரோடு உட்கார்ந்துகொண்டு, அந்தச் சமையல்கட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன், எந்தக் கைக்காரி?

"எடக்கை" என்றாள்.

தறிச் சத்தம் நின்றது. ஏகாம்பரம் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சரியாக இல்லை.

"துணிய சுத்தி எடுத்துகினு போவசொல்ல, எடக்கை மட்டும் வெளிய வந்துகினே இருந்திச்சிங்க. உள்ள விட விட வந்திச்சி. நான் இத யாருக்கும் சொன்னதில்ல. இதுக்கும் சொன்னதில்ல" என்று மல்லிகாவைக் காட்டினார்.

மல்லிகா ஆச்சரியப்படவில்லை. அவருக்கும் ஒரு டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் எனக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் என்னைப் போகவிடவில்லை. மகன் கல்யாணம் நிற்குமோ நடக்குமோ என்ற கவலை அவளுக்கு இல்லை. தம்பி கல்யாணத்துக்கு அக்காள் வர வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை போய்விட்டால் மகள் வெளியிலேயே நிற்பாள் என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்தபோது என் பயம் கொஞ்சம் வெட்கப்பட்டது.

ஆக, என் கணக்கில் இரண்டு கேள்விதான் பாக்கி. பெயர் வைப்பது யார்? ஏகாம்பரம். வைப்பது தாயார் பெயர். அதில் தவறு ஒன்றும் இல்லை, உயிரோடு இருந்திருந்தால் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் அவள் தனபாக்கியம்தான். அவளை ஒருநாளில் அதிகம் கூப்பிடுவது யார்? சந்தேகமென்ன, மல்லிகாதான். எங்கே, நீங்கள் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிக் கூப்பிடுங்கள் பார்க்கலாம் என்றேன்.

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க மாமியார் பேருங்க அது. நான் எப்படிச் சொல்லுவேன்?"

எங்கள் ஊர் மருமகள்கள் மாமியார் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மாமியார் செத்துப் பல வருடமானாலும் சொல்ல மாட்டார்கள். அதே பெயரில் மளிகைக்கடை இருந்தால் அந்த மூலைக் கடை என்பார்கள். எனக்குத் தெரியாததா? என் தாயார், பாட்டியின் பெயர் வைத்த என் அக்காளைக் கடைசிவரை பெரிய பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அத்தனை வருடம் கதைகளில் பெயர் வைத்த எனக்கு, சொந்த வீட்டு வழக்கம் அந்த நிமிஷம்வரை நினைவுக்கு வரவில்லை. ஏரிக்கரையில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து, தாய் தன் வாயால் ஒருபோதும் சொல்ல முடியாத பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் வாழ்ந்திருந்தால் அந்தச் சமையல்கட்டில் அந்தப் பெயர் ஒலித்திருக்கவே முடியாது. பிறகு எப்படித் திரும்பிப் பார்ப்பாள்?

"அப்ப நீங்க அவள இன்னான்னு கூப்புடுவீங்க?" என்று கேட்டேன். நானும் ஆரணிப் பேச்சுக்கு வந்துவிட்டிருந்தேன்.

மல்லிகாவின் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"கூப்புட்டுகினுதாங்க கீறேன்" என்றாள். "வூட்ல யாரும் இல்லாதப்ப."

ஏகாம்பரம் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் அந்தப் பெயரை என்னிடம் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்றால், கேட்டுவிட்டால் அதை நான் சோதித்துப் பார்ப்பேன், நன்றாக இருக்கிறது, இல்லை என்பேன். தொழில் புத்தி அப்படி. அந்தப் பெயருக்கு என் சம்மதம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் நீங்களே கூப்பிடுங்கள் என்றேன்.

விஷயம் கேள்விப்பட்டு வந்த ஏகாம்பரத்தின் அண்ணன் குதித்தார். பெண்கள் கரைமேல் நின்று பார்க்கலாம், தண்ணீர் ஓரத்தில் நின்று கூப்பிடுவது பங்காளிகள்தான் என்றார். சீரியல்காரன் பேச்சைக் கேட்டு முறையைக் கெடுப்பதா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். ஏகாம்பரம் அண்ணனை எதிர்த்துப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். துணியைச் சுற்றியது நீ, குழி எடுத்தது நான், இவளை ஒருதரம் பார்க்கவாவது விட்டோமா என்று மட்டும் கேட்டார். 

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் போனோம். இருபது பேர் இருப்போம். சித்தாடைக்குப் பதில் ஏகாம்பரம் முழுப்புடவை எடுத்து வந்திருந்தார், அரக்கு நிறத்தில் மயில்கழுத்து பார்டர். பம்பைக்காரர் வெற்றிலையைத் தண்ணீரில் விட்டு அடிக்கத் தொடங்கினார். போன வாரம் போலவே அது நகர்ந்து நடு ஏரிக்குப் போய் நின்றது. மல்லிகா தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். பம்பையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அவள் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும் மகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் குரல் எடுத்தாள். முகம் ஏரிப் பக்கம் இருந்ததால் பெயர் எங்களுக்குக் கேட்கவில்லை. ஒருமுறைதான் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா" என்று ஒரு குரல் கேட்டது.

வேலை நடுவில் கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு வரும் சின்ன எரிச்சல், அது அந்தக் குரலில் இருந்தது. வளர்ந்த பெண்ணின் குரல். நான் பின்னால் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை அவர்களில் யாரும் நான்தான் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பம்பைக்காரர் தோலின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. வெற்றிலை கரைக்கு வந்ததா என்று பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. 

மல்லிகா மட்டும் சாதாரணமாக இருந்தாள்.

"வா, நேரமாச்சி" என்றாள்.

புடவையை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஏரிக்கரையிலிருந்து தெருவுக்கு வருவது வரப்பு வழி. ஓர் ஆள் தாராளமாக நடக்கலாம், இரண்டு பேர் என்றால் நெருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வரப்பின் வலது ஓரமாக, ஒரு கால் சேற்றில் படப் பட நடந்து போனாள். பின்னால் வந்த நாங்கள் யாரும் அவளுக்கு இடது பக்கம் போகவில்லை.